இரண்டு பிராசசர்களும் ஓர் ஆறும்

பெற்றவர்கள் அவளுக்கு ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்தார்கள். அது இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. கடைத்தெருவில் அவள் 'ரெண்டையும் காட்டு அக்கா'. எந்தக் கடையில் ஏறினாலும், கடைக்காரர் எதை எடுத்து நீட்டினாலும், அவள் வாயிலிருந்து வருவது ஒரே பேச்சுதான்: "ரெண்டையும் காட்டுங்க." ஒருமுறை குடை வாங்கப் போனவள், இரண்டு குடைகளையும் விரித்து, கடைக்குப் பின்னால் இருந்த குழாயடியில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டாள். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். கடைசியில் வாங்கினாளா என்று கேட்டால், "வாங்கினாங்க. அதான் ஆச்சரியமே" என்பார்.

கல்யாணத்திலும் அதே கதைதான். அவளைக் கட்டிக்கொள்ள ஒரே சமயத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் அலுவலகக்காரர், இன்னொருவர் பேருந்து ஓட்டுபவர். இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்டாள்: "என் வேலைய விடச் சொல்வீங்களா?" அலுவலகக்காரர், "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். பேருந்துக்காரர், "உன் வேலைய நான் ஏன் விடச் சொல்லணும்? நான் என் வேலைய விட மாட்டேனே" என்றார். சோதனை அத்தோடு முடிந்தது. இப்போதும் வீட்டில் வாய்ச்சண்டை வந்தால், "அந்த இன்னொரு ஆளு இப்ப எங்க இருக்காரோ, எவ்வளவு நிம்மதியா இருக்காரோ" என்று கணவர் பெருமூச்சு விடுவார். அவளும் விடமாட்டாள். "வேணும்னா கூப்பிடுங்க, மறுபடியும் டெஸ்ட் வச்சுப் பாத்துடலாம்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையும் அப்படித்தான் அமைந்தது. படித்தது கம்ப்யூட்டர் பொறியியல். பெரிய கணக்குகளுக்கான கம்ப்யூட்டர்களைக் கட்டிக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சோதனை மேசை அவள் பொறுப்பு. கீழே செருப்புக்கடை, நடுவில் பல் மருத்துவர், அதற்கு மேல் மாடியில் இவர்கள். சோதனை அறையில் சுவரோரமாக ஒரு நீள மேசை. அதன்மேல் மூடி இல்லாமல், விலா எலும்பெல்லாம் தெரியப் பக்கத்தில் பக்கத்தில் எப்போதும் இரண்டு இயந்திரங்கள். இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு குடிக்கிறது என்று காட்டும் மீட்டர்கள். ஜன்னல் வழியாகக் கீழே பல் பிடுங்கும் சத்தமும் மேலே ஃபேன் சத்தமும் கலந்து வரும். புதிதாக வருகிறவர்கள் எது எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் கொஞ்சம் பயப்படுவார்கள்.

அவளுக்கு மேசையில் ஒரு சட்டம் உண்டு. ஒரே மின்சாரம், ஒரே காற்று, ஒரே சாப்பாடு. ஒன்றுக்குக் கொடுத்ததை இன்னொன்றுக்கும் கொடுக்க வேண்டும், ஒரு துளி கூடுதலும் கூடாது, குறையவும் கூடாது. ஃபேன் ஒரே ரகம், டிஸ்க் ஒரே ரகம், நினைவகமான ரேம் ஒரே எண்ணிக்கை. "பாரபட்சம் பாத்தா அப்புறம் அது சோதனை இல்ல, சிபாரிசு" என்பாள். இந்தச் சட்டத்தில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அவளுடைய கெடுபிடியெல்லாம் பெட்டியைத் திறக்கிறவரைக்கும்தான். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வேறு ஆள். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு பிஸ்கட் அளவுப் பொருள். அதற்குள்ளே பல நூறு கோடி சுவிட்சுகள். ஒவ்வொன்றும் ஒரு கண்சிமிட்டலுக்குள் கோடிக்கணக்கான முறை திறந்து மூடும், ஒன்றுகூடத் தப்பாது. எத்தனையோ வருடமாகப் பொருத்துகிறாள், இன்றைக்கும் அதை மதர்போர்டில் அதற்கான இருக்கையில் வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். "இதைச் செஞ்சதும் நம்மள மாதிரி சோறு தின்னு தூங்கற மனுஷங்கதானே? எப்படி முடிஞ்சுது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். அவள் வாயடைத்துப் போகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் என்று கணவர் சொல்வார்.

அப்படி இருக்கும்போதுதான் ஆற்று அலுவலகத்திலிருந்து ஒரு வேலை வந்தது.

ஊரின் நடுவே ஓடும் ஆற்றுக்கென்று ஓர் அலுவலகம். மலையில் எவ்வளவு மழை பெய்கிறது, அது எந்த வழியாக இறங்கும், எந்தத் தெருவில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வது அவர்கள் வேலை. கணக்கு அவர்களிடம் பழுதில்லாமல் இருந்தது. கம்ப்யூட்டர்தான் கிழம். மலையில் காலையில் பெய்த மழை சாயங்காலம் ஊருக்குள் வந்துவிடும். கம்ப்யூட்டர் கணக்கை முடிக்க இருட்டிவிடும். அதாவது ஆறு எங்கே வரும் என்று இவர்கள் சொல்வதற்குள் ஆறே நேரில் வந்து சொல்லிவிடும்.

அந்த அலுவலகத்தின் பொறியாளர் அம்மாவை எல்லோரும் ஆற்று மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, அதிகம் பேசாத மனுஷி. அவர் மாடியேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "ரெண்டு பிராசசர் பாத்து வச்சிருக்கோம். எங்க கணக்கையே ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்க. எது சீக்கிரம் முடிக்குது, குடுக்கற காசுக்கு எது தகும்னு நீங்க சொன்னா அதையே வாங்கறோம். மழைக்காலம் வரப்போகுது" என்றார்.

அக்கா தலையாட்டினாள். அவளுக்கு இது வெறும் வேலை இல்லை. அவளுடைய தங்கை, ஆற்றங்கரைப் பள்ளத்தெருவில்தான் குடியிருக்கிறாள். தங்கை வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பதும் அதே தெருவில்தான், அதனால் வீட்டை மாற்ற வழியில்லை. போன மழையில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல் மேடையின்மேல் ஏறி நின்றவள் தங்கை. "ஆத்து ஆபீஸ் எச்சரிக்கை வந்துச்சுக்கா. இடுப்பளவு தண்ணில நின்னுதான் அதைப் படிச்சேன்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதை அக்காவால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இரண்டு பிராசசர்களும் மேசைக்கு வந்தன. ஒன்று சர்வருக்கானது, உள்ளங்கையை நிறைக்கும் அளவு. கோர் என்கிறார்களே, வேலை செய்கிற ஆட்கள் மாதிரி, அது அறுபத்து நாலு. அக்கா அதற்குப் பெரியவன் என்று பெயர் வைத்தாள். இன்னொன்று ஒர்க்ஸ்டேஷனுக்கானது, அதில் பாதி ஆட்கள்தான், ஆனால் ஒவ்வொருவனும் படு சுறுசுறுப்பு. அது சின்னவன். பெரியவன் ஒருவனுக்குக் கொடுக்கிற விலையில் சின்னவன் இரண்டு பேரை வாங்கிவிடலாம்.

சட்டப்படி இரண்டுக்கும் ஒரே சாப்பாடு. ஆளுக்கு நாலு ரேம் போட்டாள். ஆற்று மேடம் கொடுத்த கணக்கை இரண்டிலும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டாள். முதலில் யாரும் நம்பவில்லை. சின்னவன் முந்திவிட்டான்! கொஞ்ச நேர வித்தியாசம்தான் என்றாலும், முந்தியது முந்தியதுதான். மறுபடி ஓட்டினாள், மறுபடியும் அதே. டிஸ்க்கை மாற்றி, இடத்தை மாற்றி, ஜன்னல் பக்கம் இருந்ததைச் சுவர்ப்பக்கம் வைத்து ஓட்டினாள். சின்னவன் பிடித்த பிடியை விடவில்லை. கணக்கு பிற்பகல் முடிவதற்குள் வந்துவிடும், பழைய கம்ப்யூட்டருக்கு இது எவ்வளவோ மேல். பாதி விலையில் முழு வேலை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். சின்னவன்தான் நிறுவனத்தில் நிறைய கையிருப்பு. முடிவை எழுதி ஆற்று அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று, அங்கிருந்து நன்றியும் வந்தாயிற்று.

பெரியவன் இரவலாக வந்தவன், திருப்பி அனுப்ப வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் அக்கா கடைசியாக ஒரு தடவை ஆற்றை ஓடவிட்டாள். சோதனைக்காக இல்லை. திரையில் அந்த நீலம் மெல்ல மெல்ல நெளிந்து இறங்குவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

காற்று ஜில்லென்று வந்தது.

கையை இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். அறுபத்து நாலு கோர்களும் உச்சத்தில் இருப்பதாகக் காட்டியது, ஒருவன்கூடச் சும்மா இல்லை. மீட்டரைப் பார்த்தாள். மின்சாரம் அரைவயிற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் மும்முரமாக வேலை செய்கிறார்களாம், ஆனால் ஒருவனுக்கும் வேர்க்கவில்லையாம்.

"டேய், நீங்க வேலை செய்யலடா. காத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றாள் வாய்விட்டு.

எதற்காக நிற்கிறார்கள் என்று தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. பெரியவனின் மதர்போர்டில் ரேமைச் செருக எட்டு ஸ்லாட். நாலில் ரேம் இருந்தது. மீதி நாலும் வாயைப் பிளந்துகொண்டு காலியாகக் கிடந்தன. அவள் அவற்றைப் பார்க்காமல் இல்லை, பிற்பாடு தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். ஒவ்வொரு ஸ்லாட்டும் ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவில் ஒரு வாசல் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், புதிதாக வருபவர்களுக்குப் பாடமே எடுப்பாள். ஆற்றுக்கணக்கு என்பது கொஞ்சம் கணக்கும் நிறையத் தண்ணீரும். ஊரின் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு தண்ணீர் என்று ரேமிலிருந்து அள்ளி அள்ளிக் கொண்டுவர வேண்டும். சின்னவனுக்கு இருப்பதே நாலு வாசல், நாலையும் திறந்துவிட்டாள். பெரியவனுக்கு எட்டு வாசல், அவற்றில் நாலைச் சாத்திவிட்டு, இரண்டு பேருக்கும் நியாயம் செய்ததாக மார்தட்டிக்கொண்டிருந்தாள்.

சோதனைக்காக அவள் செய்த நியாயமே சோதனையைக் கெடுத்துவிட்டது. அவளுக்குத் தன்மேல் வந்த கோபத்தில் ஸ்குரூ டிரைவரை மேசையில் வீசினாள். அது உருண்டு விழுந்து, பல் மருத்துவரின் தலைக்கு மேலே எங்கேயோ டங்கென்று சத்தம் கேட்டது. கண்ணுக்கு முன்னால் தங்கையும் சமையல் மேடையும்தான் வந்து போயின.

முதலாளி அறைக்குப் போய், "நான் சொன்னது தப்பு. திருப்பி ஓட்டணும்" என்றாள்.

"அவங்க நன்றியே சொல்லிட்டாங்கம்மா!"

"நன்றிய வாபஸ் வாங்கிக்கட்டும்."

முதலாளி கெட்டவர் இல்லை, கையிருப்பு விற்கவேண்டுமே என்கிற கவலை. "பெரியவன்தான் வேகம்னே வச்சுக்கோ. அதே விலைக்கு ரெண்டு சின்னவன வாங்கிக்கட்டுமே? பாதி ஆறு இதுல, பாதி ஆறு அதுல."

"ஆத்த ரெண்டா வெட்டி ஆளுக்குப் பாதி குடுத்தா, நடுவுல நிக்கற தண்ணி உன்னோடதா என்னோடதான்னு ஒவ்வொரு நொடியும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. பேசியே பொழுது போயிடும், சார். சாயங்காலம் தண்ணி வரும்னு பிற்பகல் முடியறப்ப சொன்னா, பள்ளத்தெருக்காரங்க எப்பக் கிளம்பறது? சட்டி பானைய எடுக்கவாவது நேரம் வேண்டாமா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அக்காவைத் தெரியும். அவள் தப்பு என்று ஒன்றை ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததே இல்லை. அதனால்தான் விஷயத்தின் கனம் அவருக்குப் புரிந்தது. "வண்டிய எடுத்துட்டுப் போ. ரேம பஞ்சுல சுத்தி எடுத்துக்க" என்றார்.

அன்று வீட்டில் கணவரிடமும் சொல்லிவிட்டாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டார். "அப்ப என்னையும் அந்த ஆளையும் டெஸ்ட் பண்ணினப்ப, அவருக்கு எல்லா வாசலையும் திறந்து விட்டியா, இல்லையா? எனக்கு இன்னைக்கு அது தெரிஞ்சாகணும்." தலையணை பறந்து வந்தது. அதற்கப்புறம்தான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் ஆற்று அலுவலகத்தில், ஆற்று மேடத்தின் மேசையிலேயே பெரியவனைப் பிரித்து வைத்தாள். "உங்களுக்கு நான் தப்பா சொல்லிட்டேன் மேடம்" என்று ஆரம்பித்தவளை அவர் கையமர்த்தினார். "நானும்தான் ஸ்லாட்ட எண்ணிப் பாக்கல. ஓட்டுங்க பாப்போம்" என்றார். சின்னவனிடமிருந்து உருவிப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்த நாலு ரேமையும் அக்கா பெரியவனின் காலி வாசல்களில் ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒவ்வொன்றும் 'டிக்' என்று உட்கார்ந்தது. போன மழையின் கணக்கைத் தட்டிவிட்டு, ஃபேனுக்கு முன்னால் கையை வைத்தாள்.

முதலில் இளஞ்சூடு. பிறகு கை பொறுக்கும் சூடு. பிறகு, அடுப்பைத் திறந்ததுபோல் முகத்தில் வந்து அடித்தது. மீட்டரின் எண் எகிறியது. உள்ளே அறுபத்து நாலு பேரும் இப்போதுதான் நிஜமாகவே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

திரையில் ஆறு ஓடியது. முன்பு அது நெளிந்தது, இப்போது பாய்ந்தது. மலையிலிருந்து இறங்கி, அணையைத் தொட்டு, பாலத்தின் கால்களைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தது. ஊர் முழுக்கக் கோலப்புள்ளி மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாசல் அகலம். ஆற்று மேடம் விரலால் தொட்டுப் பெரிதாக்கினார். பள்ளத்தெரு வந்தது. நீலம் ஆற்றுப் பக்கத்திலிருந்து வரவில்லை. தெருவின் பின்னாலிருந்த சாக்கடை வழியாகச் சுற்றி வந்து, முதலில் வெல்டிங் பட்டறைச் சந்தில் திரும்பி, அங்கிருந்துதான் தெருவுக்குள் வந்தது.

"அது முன்னால வரலக்கா, எங்க முதுகுப் பக்கமா வந்துச்சு" என்று தங்கை அப்போதே சொல்லியிருந்தாள். ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த யாரும் அதை நம்பவில்லை. அந்தத் தெருவையே பார்த்திராத, அந்தச் சாக்கடையின் நாற்றம் என்னவென்று தெரியாத ஒரு துண்டு சிலிக்கன், தங்கை சொன்னதை அப்படியே சொல்கிறது. நீலம் நகர்ந்து நகர்ந்து தங்கை வீட்டுக் கட்டத்தைத் தொட்டது. "போகாதே, அங்க போகாதே" என்று அவள் தன்னையறியாமல் திரையைப் பார்த்துச் சொன்னாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆற்று மேடம் தன் கைக்குட்டையை நகர்த்தி வைத்தார். "அது என் தங்கச்சி வீடு மேடம்" என்றாள் அக்கா.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் கணக்கு முடிந்துவிட்டது. பெரியவனையே வாங்கினார்கள். வரைபடம் வரைகிற மேசைக்குச் சின்னவனை எழுதிக் கொடுத்தாள் அக்கா. அந்த வேலையில் அவன்தான் கெட்டிக்காரன், பெரியவன் அங்கே போய் அசடு வழிவான். முதலாளிக்கும் பாதி மனநிறைவு.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மதியம் சோதனை அறையில் அக்காவின் போன் அடித்தது. "மலையில பொளந்து கட்டுது. கணக்கு இப்பத்தான் முடிஞ்சுது. எச்சரிக்கை போயாச்சு. உங்க தங்கச்சிகிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார் ஆற்று மேடம்.

அக்கா உடனே தங்கையைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா வெளையாடறியா? இங்க வெயில் காயுது! இப்பத்தான் துணி காயப்போட்டேன்."

"துணி கெடக்கட்டும். புள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பு."

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லக்கா."

"உனக்கு வானம் பெருசா, நான் பெருசா? கிளம்புடி!"

அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசித் தங்கைக்குப் பழக்கமில்லை. பள்ளத்தெருவுக்கு அனுப்பிய பேருந்துகளில் ஒன்றை ஓட்டிப் போனதே அக்காவின் கணவர்தான். வெயிலில் நின்றுகொண்டு, சட்டி பானையோடும் கோழிக்கூண்டோடும் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். "சும்மா அலைக்கழிக்கறாங்க" என்றார் ஒருவர். "அலைஞ்சா கால்தானே வலிக்கும், ஏறுங்க" என்றார் கணவர்.

மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் எல்லோரையும் சேர்த்தார்கள். அக்காவும் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். பிற்பகல் சாய்ந்தது. கீழே பள்ளத்தெரு வெறிச்சென்று கிடந்தது, தங்கை காயப்போட்ட துணிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றும் நடக்கவில்லை. முணுமுணுப்பு அதிகமாயிற்று. இன்னொரு ஸ்லாட்டை எங்கேயாவது பார்க்காமல் விட்டுவிட்டோமோ என்று அக்காவுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அப்போது தெருவின் பின்பக்கம், சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் எழுந்தது. அது அவசரப்படவில்லை. முதலில் வெல்டிங் பட்டறைச் சந்தில் திரும்பியது. அங்கே கொஞ்சம் நின்று, நிரம்பி, பிறகு தெருவுக்குள் வந்தது. நிறம்தான் வேறு. மற்றபடி வளைவுக்கு வளைவு, அவள் திரையில் பார்த்த அதே தண்ணீர். மலையில் புறப்பட்டபோதே, இது இன்ன சந்தில் திரும்பி இன்ன வாசலுக்கு வரும் என்று ஒரு பிஸ்கட் அளவுப் பொருள் உட்கார்ந்து சொல்லிவிட்டதே என்று நினைத்தபோது, அவள் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் இல்லை.

தங்கை குழந்தையை மாற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, அக்காவின் தோளை ஒட்டி நின்றாள். குழந்தை கீழே கையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தது. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறிப் போய், தங்கை வீட்டுக் கதவை முட்டியது.

உள்ளே யாரும் இல்லை.